எஞ்சினின் நான்காவது யோசனை

யெரெவானில் சதுரங்க மாளிகைக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடையில் அன்று நிற்கவும் இடமில்லை. தொலைக்காட்சியில் எங்கள் அணியின் ந்வார்ட் கருப்புக் காய்களுடன் ஆடிக்கொண்டிருந்தாள். பத்தாவது நகர்வில் அவள் குதிரையைப் பலி கொடுத்ததும், யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின், அதாவது சதுரங்கம் கணிக்கும் கணினி நிரல், திரையோரத்தில் காட்டும் பட்டை எதிராளியின் பக்கம் சரிந்தது.

"எந்த முட்டாள் இதை அவளுக்குச் சொல்லிக்குடுத்தான்?" என்றார் டாக்சி ஓட்டும் ஹ்ராச்சிக்.

"நான்தான் அண்ணே."

"நீயா? இதுக்குச் சம்பளம் வேற வாங்கறியா?"

அணிக்காக ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை எஞ்சினில் போட்டு அலசுவது என் வேலை. அது முதலில் சொல்லும் நகர்வை ஊரே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறது. அதனால் நான் அதன் நான்காவது யோசனையைத்தான் தோண்டுவேன். இந்தக் குதிரைப் பலி தப்புதான். ஆனால் அதைத் தண்டிக்க, எதிராளி தன் ராஜாவைப் பலகையின் நடுவுக்கு நடத்தியாக வேண்டும். எஞ்சின் பயமில்லாமல் நடத்திவிடும்.

எதிராளி முக்கால் மணி நேரம் யோசித்துவிட்டு, ராஜாவைப் பத்திரமாக மூலைக்குக் கொண்டுபோனாள். பட்டை எங்கள் பக்கம் புரண்டது. கொஞ்ச நேரத்தில் அவள் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து ந்வார்ட்டுக்குக் கைகொடுத்தாள்.

"தப்பான நகர்வுன்னு எஞ்சின் சொல்லிச்சேடா?" ஹ்ராச்சிக் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இப்பவும் அப்படித்தான் சொல்லும். எதிர்ல உக்காந்திருந்தது மனுஷி அண்ணே."

என் இரு கன்னங்களிலும் முத்தமிட்டுவிட்டு, அவர் கைபேசியில் மனைவியை அழைத்தார்.

"ஆட்டம் பாத்தியா? அதைச் சொல்லிக்குடுத்த முட்டாள் என் பக்கத்துலதான் நிக்கறான். நம்ம முட்டாள்."