மலையய்யாவின் காது

ஒரு காலத்தில் என் கணவராக இருந்த மனிதரின் தலையை அன்று நான்தான் தேய்த்துக் கழுவினேன். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. தலையில் பிசுக்கு இருந்தால் கம்பிகள் ஒட்டாது. முகக்கவசமும் தொப்பியும் போட்டிருந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தனக்கு வேலை செய்கிறவள் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

ஊர் அவரை மலையய்யா என்கிறது. தியானத்தில் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் அசையமாட்டாராம். அந்தப் பெயர் வந்த கதையைக் கூட்டத்துக்குக் கூட்டம் நாக்குக் கூசாமல் சொல்வார். "பெத்த புள்ள சாகக் கெடந்தான். மக வந்து கதவத் தட்டினா. எனக்குக் கேக்கவே இல்ல. அவ்வளவு ஆழத்துல இருந்தேன்." கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளை என் பிள்ளை. காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, என் மடியில் கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். கார் சாவி அவர் சட்டைப் பையில். அவரோ அறைக்குள் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் அப்போது சின்னவள். உள்ளங்கையால் கதவை அறைந்தாள், காலால் உதைத்தாள். அவராக வெளியே வந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தான். "கேக்கல" என்றார், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் அதையும் மெச்சினார்கள். வீடே வேண்டாம் என்று அவர் கிளம்பியபோது நல்லது, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் என் மகள் அந்த வார்த்தையை நம்பிவிட்டாள். "நான் இன்னும் பலமாத் தட்டியிருக்கணும்மா" என்பாள். வளர்ந்து, வேலைக்குப் போய், சம்பாதிக்கிற பெண், சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று இதைச் சொல்வாள். பிள்ளையைச் சாகவிட்டது போதாதென்று, பழியைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டல்லவா போனார் அந்த மனிதர்.

அவருடைய தியானத்தைச் சோதிக்கப் போகிறோம் என்று எங்கள் டாக்டரம்மா சொன்னபோது, வாய்யா வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தியானத்தில் இருப்பவர் காதில் சத்தங்களை விட்டு, மூளை அதற்கு எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் கேட்கிற சத்தங்களைப் பதிவு செய்து வருவது என் பொறுப்பு. பாத்திரம் விழுவது, அழைப்பு மணி, யார் யாரோ கதவு தட்டுவது. மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கதவு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவள் எழுந்து போய்த் தட்டினாள், அன்றைக்குப் போலவே கையாலும் காலாலும்.

சோதனையின்போது அவர் மட்டும் உள்ளறையில். டாக்டரம்மாவும் நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அடுத்த அறையில் கணினித் திரைக்கு முன்னால். பின்னால் அவருடைய சீடர்கள். ஓரத்தில் என் மகள். பாத்திரம் விழுந்தது, கோடுகள் லேசாக நெளிந்தன. யாரோ கதவு தட்டினார்கள், அதே நெளிவு. கடைசியாக மகள் தட்டியதைப் போட்டேன். கோடுகள் எல்லாம் துள்ளி எழுந்தன.

முடிந்ததும் டாக்டரம்மா மைக்கில் கேட்டார். "ஐயா, ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கறதுக்கு அங்க ஆள் ஏதும்மா?" என்றார் அவர். சீடர்கள் உருகிப்போனார்கள்.

"மேடம், அந்தக் கடைசித் தட்டலுக்கு எப்படி எழும்புச்சு பாத்தீங்கல்ல?" என்றேன்.

"மூளை கவனிச்சிருக்கும்மா. அத அவர் உணர்ந்தாரான்னு இத வச்சுச் சொல்ல முடியாது. தூங்கறவங்க மூளைகூடப் பேரச் சொன்னா எழும்பும்."

மூளை வேறு, ஆள் வேறாம். தப்பித்து ஓட இப்படியும் ஒரு சந்து. திரும்பிப் பார்த்தேன். மகள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பிகளைக் கழற்ற உள்ளே போனேன். அந்த அறையின் மைக் கூரையில் இருக்கிறது. கருவியை நிறுத்தும்வரை அது திறந்தேதான் இருக்கும், பேசுவதெல்லாம் அடுத்த அறையில் கேட்கும். உட்காருகிறவர்களோ, முதல் கம்பியைக் கழற்றியதுமே எல்லாம் முடிந்ததென்று நினைத்துவிடுவார்கள். நான் கருவியை நிறுத்தவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடைசிச் சத்தம் எங்கம்மா எடுத்தீங்க?"

"எது சார்? நாலஞ்சு கதவு இருந்துச்சே."

"கால்ல உதைக்கிறது. அத எடுத்துருங்க. வேற யாருக்கும் போடாதீங்க." கண்ணை மூடிக்கொண்டார். "அன்னிக்கும் இப்படித்தான் உதைச்சா."

முகக்கவசத்தைக் கழற்றினேன். அவர் முகம் வெளிறியது.

"கேட்டுக்கிட்டேதான் உக்காந்திருந்தீங்க."

"கொஞ்ச நேரத்துல அவளே நிறுத்திருவான்னு நெனச்சேன்" என்றார்.

இத்தனை வருடமாக நான் காத்திருந்தது இந்த ஒரு வரிக்குத்தான். கூரையைக் கைகாட்டினேன். அவர் மைக்கைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீடர்கள் ஒருவர்கூட அசையவில்லை. ஸ்பீக்கரில் என் மகளின் குரல் வந்தது. அவள் அவரோடு பேசவில்லை, என்னோடுதான் பேசினாள்.

"அம்மா, அப்போ நான் பலமாத்தான் தட்டியிருக்கேன்."

அவர் தலையில் பாதிக் கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மிச்சத்தை அவரே பிய்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு மகளிடம் போனேன்.