ஞாயிற்றுக்கிழமை பிரஷர்

பிரைஸ் அன்று மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது என் முன்னால் பழம் தரம் பிரிக்கும் பெல்ட்டில் ஆப்பிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஏப்ரன் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கையுறையோடு அதைத் தொட்டால் சூப்பர்வைசர் கத்துவாள். அடிபட்டதை இடப்பக்கம், புள்ளி விழுந்ததை வலப்பக்கம் தள்ளியபடி இடைவேளை மணிக்காகக் காத்திருந்தேன். மணி அடித்ததும் வெளியே ஓடி, அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவனைக் கூப்பிட்டேன்.

"மிரேயா, உங்க சீட்டைப் பிடிச்சு வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் முடியும். திங்கக்கிழமை கிளாஸ் ஆரம்பம்," என்றான் பிரைஸ். அவன் ஒரு தனியார் தொழிற்பள்ளியின் சேர்க்கை அலுவலர். பதினைந்து நாளாக என் அப்பாவைவிட அவன்தான் என்னை அதிகம் விசாரிக்கிறான். பள்ளி டயர் கடைக்கும் நகம் அலங்கரிக்கும் கடைக்கும் நடுவில், என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறது. ஒன்பதே மாதம், மாலை வகுப்பு. முடித்தால் டாக்டருக்குக் கூட நின்று ஊசி போடுகிற, பிரஷர் பார்க்கிற மெடிக்கல் அசிஸ்டென்ட். பத்து விரலிலும் ஆப்பிள் மெழுகு வாடை அடிக்கிற எனக்கு அது கசக்குமா என்ன?

எட்டு வயதிலிருந்து நான் கிளினிக்கில்தான் வளர்ந்தேன் என்று சொல்லலாம். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்; பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. டாக்டர் சொல்வதை நான் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும், அப்பா சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் ஒரு நாள், "இப்படியே குடித்தால் சிறுநீரகம் போய்விடும்" என்று டாக்டர் சொன்னதை, "தண்ணீர் நிறையக் குடிக்கணுமாம்" என்று மாற்றிச் சொன்னேன். அப்பா முகம் வாடுவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மாற்றிச் சொல்பவளாக இல்லாமல், கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுபவளாக இருக்க வேண்டும் என்பது அன்று பிடித்த ஆசை. இப்போது வயது முப்பத்தொன்று. அதில் பதினோரு வருடம் பெல்ட்டோடு போனது.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கதவைத் தாண்டியவள் ஆராசெலி ஒருத்திதான். கொன்சுவேலோ அத்தையின் மகள், என்னைவிட மூன்று வயது பெரியவள். நான்கு வருடத்துக்கு முன் டயர் கடைக்குப் பக்கத்திலிருக்கும் அதே பள்ளியில் படித்தவள். கத்திரிப்பூ நிற ஆஸ்பத்திரி உடுப்பைக் கடைக்கும் போடுவாள், ஞானஸ்நான விருந்துக்கும் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுப் பின்புறத்தில் இறைச்சி வாட்டும்போது அவளும் ரத்த அழுத்தம் பார்க்கும் பிரஷர் பட்டையோடு உட்கார்ந்துவிடுவாள். மாமாக்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பீர் டப்பாவோடு வரிசையில் நிற்பார்கள். பாதிரியார் நற்கருணை கொடுப்பது மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து அனுப்புவாள். "நீயும் அங்கயே சேருடி. சும்மா யோசிச்சு யோசிச்சே கிழவி ஆயிடாத," என்று ஆறு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

எனக்கு என்னவோ கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அரசு நடத்தும் கம்யூனிட்டி காலேஜிலும் இதே படிப்பு இருக்கிறது. நாற்பது நிமிடம் கார் ஓட்ட வேண்டும், முதலில் கணக்கு வகுப்பு ஒன்று முடிக்க வேண்டும், அப்புறம் ஒன்றரை வருடம். இருபத்துநாலே இடம். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க வேணா சேருங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க. பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னு கேக்காதீங்க, இந்தப் படிப்புக்கு இருக்கான்னு கேளுங்க. படிப்புக்கு இல்லன்னா சான்றிதழ் பரீட்சை எழுத விடமாட்டாங்க, அது இல்லாம ஊசி போடுற வேலை கிடைக்காது," என்றாள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே பிரைஸுக்குப் போன் போட்டேன்.

"எங்க பள்ளி முழுக்க அங்கீகாரம் பெற்றது மிரேயா. சுவர்லயே மாட்டியிருக்கோம், பார்த்திருப்பீங்களே."

"படிப்புக்கு?"

"அதுக்கு விண்ணப்பிச்சிருக்கோம். வர்ற நேரம்தான்."

"அத ஈமெயில்ல எழுதி அனுப்புவீங்களா?"

வெள்ளிக்கிழமையை மறந்துவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னான். ஈமெயில் வரவில்லை. அப்படியானால் ஆராசெலி எப்படிப் பரீட்சை எழுதினாள் என்று யோசித்தேன். அவள் காலத்தில் இருந்திருக்கும், பிறகு போயிருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை. வழக்கமான கிளினிக்கில் நாள் கிடைக்காததால் ஆராசெலி வேலை பார்க்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அவளிடம் சொல்லவில்லை, பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உள் கதவைத் திறந்து, "எவுசேபியோ" என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இருபது வயது மதிக்கத்தக்க வேறொரு பெண். அறைக்குள் ஆராசெலி படுக்கைமேல் காகிதம் மாற்றிக்கொண்டிருந்தாள். கையில் துடைக்கும் துணி. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"வாம்மா எங்க டாக்டரம்மா! நீதான் எனக்கு ஊசி போடணும். இந்தச் சின்னப்பொண்ணு வேணாம்."

"இன்னைக்கு எனக்கு டியூட்டி வேற மாமா," என்றாள் ஆராசெலி. சொல்லும்போதே கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிவிட்டாள். அதற்குள் நான் படித்துவிட்டேன். 'வரவேற்பு' என்று இருந்தது. அந்தச் சின்னப்பெண் நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் கேட்டாள்: "ஆராசெலி, அடுத்த ரூமும் துடைச்சிடுறீங்களா?" ஆராசெலி என்னைப் பார்க்காமல் போனாள். அப்பா ஒன்றையும் கவனிக்கவில்லை. "பாவம், பெரிய வேலைல இருக்கா," என்று என்னிடம் சொன்னார். நான் மறுபடியும் ஒன்பது வயதுக்காரியாகி வாயை மூடிக்கொண்டேன். அவள் பரீட்சையே எழுதவில்லை என்று புரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. தெரிந்தே என்னை அங்கே தள்ளப் பார்த்தாளே!

வெள்ளிக்கிழமை பிரைஸ் ஐந்து முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. வேலை முடிந்து நாற்பது நிமிடம் ஓட்டிப்போய், ஜன்னல் மூடுவதற்குள் காலேஜில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். திரும்பும் வழியெல்லாம், முடிக்கும்போது முப்பத்துமூன்று தாண்டிவிடும், கணக்கில் கோட்டை விட்டால் என்ன செய்வேன், பெல்ட்டே கதியா என்று ஒரே குடைச்சல். வானொலியைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கரண்டியோடு நின்று எல்லோருக்கும் அறிவித்தாள்: "நாளையிலிருந்து நம்ம மிரேயாவும் உடுப்புப் போடப்போறா. ஆராசெலி படிச்ச இடமே!" மாமாக்கள் டப்பாவைத் தூக்கினார்கள். அங்கே போகவில்லை என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் ஆராசெலியின் நான்கு வருடப் பொய் அந்த அடுப்புக்கு முன்னாலேயே அம்மணமாகிவிடும். வரிசையில் அப்பாவை முந்திக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

பட்டையைச் சுற்றினாள். ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு ரப்பர் உருண்டையை அமுக்க ஆரம்பித்தாள்.

"நான் காலேஜ்ல பேர் குடுத்துட்டேன்," என்றேன் மெதுவாக.

ஒரு காதிலிருந்து குழாயை எடுத்தாள். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. எதுவுமே சொல்லல."

"எங்கிட்டயும் விண்ணப்பிச்சிருக்கோம்னுதான் சொன்னாங்க. வர்ற நேரம்னாங்க."

"அப்ப ஏன் செலி என்னை அங்க போகச் சொன்ன?"

அவள் கை அமுக்கிக்கொண்டே இருந்தது. பட்டை என் கையை நெரித்தது. "நீயும் அங்க படிச்சிட்டா, ஏமாந்தவ நான் ஒருத்தி மட்டும்னு இருக்காதில்ல," என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. மூன்று நாளாகச் சுமந்த கோபத்தை அப்போது தேடினேன். கிடைக்கவில்லை.

மறு கையால் பின்பையிலிருந்து நான்காக மடித்த காலேஜ் விண்ணப்பத் தாளை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "ரெண்டு வாங்கினேன். அடுத்த வெள்ளி வரைக்கும் வாங்குவாங்களாம். கணக்கு கிளாஸுக்குத் தனியா போக எனக்கு பயமா இருக்கு."

அவள் தாளைப் பிரிக்கவில்லை, தள்ளவும் இல்லை. குழாயை மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டு, என் முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப் வட்டத்தை வைத்து, பிரஷர் மீட்டர் முள்ளையே பார்த்தபடி இருந்தாள். இனி நான் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. என் நாடித் துடிப்பு மட்டும்தான் கேட்கும்.

"எவ்வளவும்மா இருக்கு?" என்றார் பின்னால் நின்ற அப்பா, சட்டைக் கையைச் சுருட்டியபடி.

என் விரல்கள் மரத்துப்போய்க்கொண்டிருந்தன. ஆராசெலி காற்றை இன்னும் திறந்துவிடவில்லை.