எட்டரை மணி அளவு

தூத்துக்குடியில் மழைப் பைத்தியமாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஊரில் பாதிப் பேர் உப்பை நம்பிப் பிழைக்கிறவர்கள். வானம் கறுத்தால் அவர்களுக்கு அன்றைய பிழைப்பு கரைந்துவிடும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் கடலுக்குப் போகிற வீடுகளில் அடுப்பு எரியாது. இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆள் மொட்டைமாடியில் நின்றுகொண்டு மேகத்தைப் பார்த்து வா வா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? பெவினை அவன் மனைவி ஜாஸ்லினே கிறுக்கன் என்றுதான் சொன்னாள். அவன் சிரித்துக்கொள்வான். கிறுக்கு என்று தெரிந்தே பிடித்த கிறுக்கு அது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அவனுக்கு வேலை. கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் சரக்குக் கணக்கு திறந்திருக்கும், இன்னொரு பக்கம் ரேடார் படம். நாசரேத், சாத்தான்குளம், சாயர்புரம் என்று சுற்றுவட்டாரத்தில் தன்னைப் போன்ற கிறுக்குகளைத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருந்தான். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு மழைமானி. காலை எட்டரை மணிக்கு அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதுதான் முந்தைய நாள் மழை. எட்டுக்கும் எடுக்கக் கூடாது, ஒன்பதுக்கும் எடுக்கக் கூடாது. கல்யாண வீடோ சாவு வீடோ, எட்டரைக்கு ஆள் மழைமானியின் முன்னால் நிற்க வேண்டும். மழை கொட்டுகிற நாளில் அந்தக் குடுவை நிறைந்து வழிந்துவிடும். அதனால் நடுவில் நடுவில் போய்ப் பார்த்து, நிறைந்ததைக் குறித்துவிட்டுக் கொட்ட வேண்டும். ஆள் இல்லாமல் ஒருமுறை வழிந்துவிட்டால் அன்றைய அளவு செல்லாது.

ஆனால் எங்கே கொட்டியது? புயல் கடலில் உருவாகும்போது தென்பக்கம் பார்க்கும். ரெண்டு நாள் ஆசை காட்டும். பெண் பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் தின்றுவிட்டு வேறு ஊரில் சம்பந்தம் பேசுகிற மாப்பிள்ளை வீட்டாரைப் போல வடக்கே போய்விடும். வடக்கத்தி குரூப்புகளில் முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று எண்கள் பறக்கும். பெவினும் கைதட்டும் படம் போட்டுவிட்டு, வெந்துபோய் உட்கார்ந்திருப்பான்.

ஆத்தூரில் இருந்த அக்கா ஈவாஞ்சலினுக்கும் இந்தக் கிறுக்கை அவன்தான் பிடித்துவைத்தான். அவள் பள்ளிக்கூட டீச்சர். கணவர் கிருபாகரன் பக்கவாதம் வந்து படுத்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டிலேயே டியூஷன் எடுத்துக்கொண்டு, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போவதுகூட நின்றுவிட்டது. அப்போதுதான் பெவின் ஒரு மழைமானியை வாங்கிப்போய் அவள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் மேல் கம்பி வைத்துக் கட்டினான். வீட்டைவிட்டு நகர முடியாதவளுக்கு வானம் வேடிக்கையாகட்டும் என்று நினைத்தான். நல்ல எண்ணம்தான். அதைக் குறை சொல்ல முடியாது.

அவள் அவனையும் மிஞ்சிவிட்டாள். தினம் காலையில் குரூப்பில் முதல் ஆளாக எழுதுவாள்: "ஆத்தூர் 4 மி.மீ. ஸ்தோத்திரம்." மழையே இல்லாத நாளிலும் எழுதுவாள்: "ஆத்தூர் 0. அதற்கும் ஸ்தோத்திரம்." குரூப்பே டீச்சர் டீச்சர் என்று அவளைக் கொண்டாடியது. படுக்கையில் கிடந்த அத்தான்கூட, குழறுகிற வாயால் "இன்னைக்கு எத்தன?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். ரெண்டு வருஷத்தில் ரேடார் படத்தைப் பார்த்து, எந்த நிறம் எவ்வளவு மழை என்று சொல்லுகிற அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

அந்தக் கார்த்திகையில் ஒரு பெரிய புயல், வழக்கம்போல வடக்கே போனது. ஒரு வாரம் கண் விழித்து அதன் பின்னாலேயே ஓடிய குரூப், களைத்துப் படுத்துவிட்டது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர்கூட வைக்கப்படாத ஒரு சுழற்சி சத்தமில்லாமல் தெற்கே வந்து உட்கார்ந்தது. மத்தியானம் பிடித்த மழை விடவில்லை.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அக்கா போன் செய்தாள்.

"ஏலே பெவின், பாண்டியராஜன் வண்டியக் கொண்டாந்து நிக்கான். வாய்க்கால் பொங்குதாம். தார்ப்பாயப் போட்டு, ஒங்க அத்தானப் படுக்க வச்சு, சாயர்புரத்துல அவிய அக்கா வீட்டுல விட்டுருதேங்கான். போவவா, இருக்கவா? நீ சொல்லு."

பாண்டியராஜன் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சொந்தக்காரன். லோடு ஆட்டோவும் வைத்திருந்தான். போனிலேயே அவன் குரல் கேட்டது: "டீச்சர், யோசிக்காதிய. இருட்டுததுக்குள்ள போயிருவோம்."

அவள் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நாசரேத் லிங்கராஜ் குரூப்பில் ஒரு ரேடார் படம் போட்டிருந்தான். கடலிலிருந்து கரை வரைக்கும் சிவப்பு, அதன் நடுவில் ஊதா. ஒன்றன் பின்னால் ஒன்றாக மேகங்கள் ஆத்தூரை நோக்கி வரிசை கட்டி நின்றன. பெவினுக்குப் படம் வாசிக்கத் தெரியும். இது விடிய விடிய விடாது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவனுக்குப் பயம் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, அது சந்தோஷத்தில் அடித்தது. எத்தனை வருஷம் காத்திருந்தான்! ஆத்தூர் ஆற்றங்கரையில் மழைமானி வைத்திருப்பது அக்கா ஒருத்திதான். அவள் கிளம்பிவிட்டால் குடுவை வழிந்துவிடும். அளவு போய்விடும்.

"இப்ப நல்லாத்தான் பெய்யும்க்கா. ஆனா விட்டுரும்" என்றான்.

"விட்டுருமா?"

"விட்டுரும். போகப் போகக் கொறைஞ்சிரும். இந்த மழையில அத்தானத் தூக்கிட்டுப் போயி, நனைஞ்சி, காய்ச்சல் கீய்ச்சல் வந்துரப் போவுது. காலைல எட்டரைக்கு ரீடிங் எடுத்துட்டு மெதுவாப் போ. நெறைஞ்சா மட்டும் கொட்டிக் குறிச்சிக்கோ."

கேட்டீர்களா? நனைந்தால் காய்ச்சல் வந்துவிடுமாம்.

"சரிலே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

பெவின் கெட்டவன் இல்லை. அக்கா என்றால் அவனுக்கு உயிர். மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிடும் என்று அவன் உண்மையாகவே நம்பினான். இந்த மழைப் பைத்தியங்களின் கோளாறே அதுதான். வானத்திலிருந்து விழுவதைச் சொட்டு விடாமல் அளப்பார்கள். தரையில் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடுவைக்குள் விழுந்தால்தான் அவர்களுக்கு அது மழை.

விடியற்காலையில் மேலே எங்கேயோ ஒரு குளம் உடைந்து, ஆற்றோடு சேர்ந்துகொண்டது. ஈவாஞ்சலின் வீடு ஓட்டு வீடு, மாடி கிடையாது. முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது பாண்டியராஜன் கொடிக்கால் வழியாக நீந்தாத குறையாக வந்து சேர்ந்தான். ரெண்டு பேருமாக டியூஷன் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் கட்டிலைத் தூக்கி வைத்து, கிருபாகரனைப் படுக்கவைத்தார்கள். மேலே ஓடு ஒழுகியது, கீழே தண்ணீர் ஏறியது. அவருடைய போர்வை, தலையணை, மருந்து எல்லாம் ஊறிப்போயின.

எட்டரைக்கு அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் அளவு எடுத்தாள். குரூப்பில் வந்து விழுந்தது: "ஆத்தூர் 520 மி.மீ. வீட்டுக்குள் தண்ணீர். ஸ்தோத்திரம்."

ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்! குரூப் கிடுகிடுத்துப்போனது. கைதட்டல்கள், வாணவேடிக்கைகள், டீச்சருக்கு சல்யூட்டுகள். எல்லாரும் எண்ணைத்தான் பார்த்தார்கள். அதற்கு அடுத்த மூன்று வார்த்தைகளைப் பார்க்க ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதல் கைதட்டல் பெவினுடையது. தட்டிய பிறகுதான் அவன் மீதியைப் படித்தான். உடனே போன் போட்டான். டவர் செத்துவிட்டிருந்தது.

பாலம் மூழ்கி, ரோடு அறுந்து, அவனால் போக முடியவில்லை. போலீஸ்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தான். மறுநாள் சாயங்காலம் புன்னைக்காயல் மீனவர்கள் பைபர் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கொடிக்கால்களுக்கு நடுவே ஓட்டிப்போய் அவர்களை மீட்டார்கள். ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல் கிருபாகரன் ஈரத்திலேயே கிடந்திருந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் மூச்சுக்குத் தவித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். சாயர்புரத்தில் அடக்கம். கல்லறைத் தோட்டத்திலும் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்துவிட்டுத்தான் இறக்கினார்கள்.

அந்த எண் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. எங்கெங்கோ இருக்கிற மழைப் பைத்தியங்கள் எல்லாம் ஆத்தூர் 520 என்று எழுதினார்கள். தண்ணீரில் நின்று அளவெடுத்த டீச்சர் என்று புகழ்ந்தார்கள். தான் ஆசைப்பட்ட எண் கடைசியில் தன் பக்கத்துக்கு வந்துவிட்டது என்று பெவினுக்கு ஒரு நாள் தோன்றியது. அன்றோடு குரூப்பைத் திறப்பதை விட்டுவிட்டான். தூறல் போட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். ஜாஸ்லின் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ.

பொங்கலுக்கு முந்தின வாரம், ஆத்தூர் வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்ய அக்கா போயிருந்தாள். உதவிக்கு என்று பெவினும் பஸ் ஏறினான். உதவி ஒரு சாக்கு. இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தான். "படத்தப் பாத்துட்டுத்தான்க்கா விட்டுரும்னு சொன்னேன்." இவ்வளவுதான். பஸ் போகிற வழி முழுக்க இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். ஏசட்டும், அடிக்கட்டும், முகத்தில் முழிக்காதே என்று சொல்லட்டும், சொல்லிவிடுவது என்றிருந்தான்.

வாசலில் பாண்டியராஜன் ஊறிப்போன மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய கொடிக்கால் முழுக்க அழுகிக் கிடந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அண்ணாச்சி, நான் ஒரு பேச்சுக் கேக்காம சாரைத் தூக்கி வண்டியில போட்டிருக்கணும். டீச்சர் வேண்டாம்னாவ, சரின்னு விட்டுட்டேன். என்னாலதான் சார் போயிட்டாவ" என்று சொல்லி, சகதிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். பெவின் அந்த மெத்தையை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

உள்ளே சுவரில் சகதிக் கோடு இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அக்காவும் தம்பியுமாக டியூஷன் பெஞ்சுகளை முற்றத்துக்குக் கொண்டுவந்து தேய்த்துக் கழுவினார்கள். அவன் வாயைத் திறக்கப் போன நேரத்தில் அவளே பேசினாள்.

"பாண்டியராஜன் அழுதானா?"

"ஆமாக்கா."

"வாரப்பல்லாம் அழுதான். அவன் மேல என்ன தப்பு? எனக்குத்தான் நெஞ்சு அறுக்கு." தேய்ப்பதை நிறுத்தினாள். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்லே. அன்னைக்கு லிங்கராஜ் ஒரு படம் போட்டான்லா, நான் அதப் பாத்தேன்."

பெவின் பெஞ்சின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒனக்குப் போன் பண்ணுததுக்கு முன்னாலயே பாத்துட்டேன். செவப்பும் ஊதாவுமா, நமக்கு நேரா நிக்கி. எனக்குப் படம் பாக்கத் தெரியாதா? தெரிஞ்சும் ஒங்கிட்ட அதச் சொல்லல. சொன்னா நீ கெளம்புன்னுருவ. எனக்கு இருக்கணும்னு இருந்துச்சு பெவின். அந்த அளவ எடுக்கணும்னு இருந்துச்சு. இப்படிப் படுத்துக் கெடக்க மனுசன வச்சுக்கிட்டு எனக்கு அப்படி ஒரு ஆச."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த அந்த வாக்கியத்தைச் சொல்ல அவன் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தான்.

"நீ அன்னைக்கு என்ன வேலையில இருந்தியோ, படத்தப் பாத்திருக்க மாட்ட" என்றாள் அவள். அவன் முகத்தையே பார்த்தாள். "பாத்திருந்தா விட்டுரும்னு சொல்லியிருப்பியா? கெளம்புன்னுதான சொல்லியிருப்ப?"

அவள் கேட்டது உறுதிப்படுத்திக்கொள்வதற்காகவா, இல்லை வேறு ஒரு பதிலுக்கு ஏங்கித்தானா என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் சுமப்பதில் பாதியை அவன் வாங்கிக்கொள்ளலாம். அது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"ஆமாக்கா" என்றான். "கெளம்புன்னுதான் சொல்லியிருப்பேன்."

ஈவாஞ்சலின் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அதான். அப்ப நான் ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெஞ்சைக் கழுவக் குனிந்தாள். அவன் தண்ணீர் மொண்டு ஊற்றினான்.