முழங்கை அளவு

கள்ளக்குறிச்சியில் கட்டிய புது வீட்டுக்குச் சமையலறைப் பெட்டிகள் வந்து இறங்கியபோது தமிழழகனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாடகை வீட்டின் தாழ்ந்த மேடையில் வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து குழம்பு வைத்தவன் அவன்தான். மனைவி கோகிலவாணிக்குக் கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வேலை. முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இவனுடைய செல்போன் கடையோ பத்து மணிக்குத்தான் திறக்கும். அதனால் கரண்டி இவன் கைக்கு வந்தது, வந்த இடத்தில் ஒட்டியும் கொண்டது.

இது அவனுடைய அம்மா தைலம்மாளுக்குத் தெரியாது. "பொண்டாட்டிக்கு ஆக்கிப் போடறான்" என்று சித்தப்பாவைப் பற்றி அம்மா ஒருமுறை சிரித்ததை அவன் மறக்கவில்லை. சொல்லக்கூடாது என்று கோகிலவாணியிடம் சத்தியமே வாங்கியிருந்தான். ரிஷிவந்தியத்திலிருந்து அம்மா வந்து தங்கினால், அவள் எழுவதற்குள் குழம்பை இறக்கிவிட்டுப் படுக்கையில் போய் விழுந்துவிடுவான். மருமகளின் கருவாட்டுக் குழம்பைப் பற்றி அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே அந்தச் சோற்றையும் இவனேதான் வடித்தான்.

அன்றைக்கும் அம்மா வந்திருந்தாள். தச்சு வேலை செய்யும் ஆல்பர்ட் மரப்பலகைகளைத் தரையில் பரப்பிவிட்டு டேப்பை இழுத்தார்.

"மேடையத் தாங்கற பெட்டிங்க எல்லாம் ஒரே ஒயரம்ங்க. அதுல கை வைக்க முடியாது. ஏத்தறது எறக்கறது எல்லாம் அடியில குடுக்கற மரச்சட்டத்துலதான். சமைக்கிறவங்க வந்து முழங்கைய மடக்கி நில்லுங்க."

தமிழழகனின் ஒரு கால் முன்னே போயே விட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"நீ போய் நில்லு கோகிலா," என்றாள் தைலம்மாள்.

கோகிலவாணி நின்றாள். அவள் தலை கணவனின் தோளுக்குத்தான் வரும். ஆல்பர்ட் அளந்துவிட்டு, பலகையில் பென்சிலால் தாழ்வாக ஒரு கோடு போட்டார். சொந்த வீட்டிலும் கூனல்தானா என்று தமிழழகன் ஆல்பர்ட்டின் பக்கம் நகர்ந்தான்.

"கொஞ்சம் ஏத்தி வைங்களேன். பாக்க அம்சமா இருக்கும்."

"பாக்கறதுக்கா, சமைக்கறதுக்காங்க?"

"தாழ வெச்சா அடியில எலி பூந்துடாதா?"

"முன்னால பலகை அடைச்சிடுவேன்ங்க."

"தண்ணி ஊத்திக் கழுவுவோம். கட்ட ஊறிடும்."

"அதுக்கு அடியில ரப்பர் குடுக்கறேன்."

"இன்னாடா ஒனக்கு இவ்ளோ அக்கற? நீயா வந்து சமைக்கப் போற?" என்று தைலம்மாள் சிரித்தாள். கோகிலவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியது. சத்தியம் செய்தவள், பாவம், வேறென்ன செய்வாள்?

ஆல்பர்ட் மின்ரம்பத்தைக் கோட்டில் வைத்தார். அது உறுமத் தொடங்கியது.

"நிறுத்துங்க," என்றான் தமிழழகன். "நான்தான் சமைக்கிறேன். தெனமும்."

ரம்பம் நின்றது. தைலம்மாள் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் கருவாட்டுக் கொழம்பு?"

"நான் வெச்சதுதாம்மா."

"ஒன் முதுகு வலி? வண்டி ஓட்டிக்கினு வந்துதான் வலிக்குதுன்னியே. நான் எண்ண தேச்சி வுட்டேனே."

"அது குனிஞ்சி ஆக்கினதுலதாம்மா."

தைலம்மாளுக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இத்தினி வருசமா குனிஞ்சிக்கினே கெடந்திருக்கியே, வாயத் தொறந்து சொன்னா இன்னா? நான் கடிச்சா துன்னுடுவேன்?" என்றவள் ஆல்பர்ட் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, அந்தக் கோட்ட அழி. இவன் முழங்கைய அளந்து போடு."

புதுக் கோடு பழையதைவிட முக்கால் சாண் மேலே ஏறியது. கோகிலவாணி அந்த உயரத்தைக் கையால் அளந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமைல நான் சமைக்கணும்னா?"

"ஏறி நிக்க மிச்சக் கட்டைல ஒரு மணை அடிச்சித் தர்றேன்ங்க," என்றார் ஆல்பர்ட்.

"ரெண்டா அடிப்பா," என்றாள், மருமகளைவிடவும் குட்டையான தைலம்மாள். "எம்புள்ள கொழம்பு வைக்கறத நானும் எட்டிப் பாக்கணும்."