ஒரே பெயரில் இரண்டு அம்புக்குறிகள்

அன்று அறையில் இருந்தவர்கள்: நான், என் தங்கையின் கணவர், மூன்று வரைவாளர்கள், நாங்கள் வரைந்துகொண்டிருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரரான மருத்துவர், அவர் கூட்டி வந்த மேஸ்திரி. வேறு யாரும் இல்லை. என் தங்கை வீட்டில் இருந்தாள்.

எங்களுடையது கட்டட வரைபட அலுவலகம். எல்லோரும் எங்கிருந்தாலும் ஒரே கோப்பில், ஒரே நேரத்தில் கணினியில் வரைகிற முறையை நான்தான் கொண்டுவந்தேன். யார் வரைகிறாரோ அவர் பெயரைத் தாங்கிய ஓர் அம்புக்குறி எல்லோர் திரையிலும் நகரும். வரைவாளர்கள் ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். அடுத்தவன் தப்புக்குத் தாங்கள் திட்டு வாங்க வேண்டாம் அல்லவா. தலைமை வரைவாளரான மாப்பிள்ளை மட்டும் எட்டு மாதம் முரண்டு பிடித்தார்.

"ஒருத்தன் வரையறதைப் பத்து பேர் எட்டிப் பாக்கறதா மச்சான்? கதவைத் தொறந்து வச்சுக் குளிக்கச் சொல்ற மாதிரி இருக்கு."

அவர் வீட்டிலேயே வரைந்து, காலையில் பென் டிரைவில் கொண்டுவருவார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் போன மாதம் கறாராகச் சொன்னேன்: புது முறைக்கு வராதவருக்கு இங்கே நாற்காலி கிடையாது, அது என் வீட்டு மாப்பிள்ளையே ஆனாலும். மறுநாளே சேர்ந்துவிட்டார்.

மருத்துவர் அன்று முன்னறிவிப்பில்லாமல் வந்தார். கோப்பைப் பெரிய திரையில் போட்டோம். மாப்பிள்ளை என் பக்கத்தில், கைகளை மேஜைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் பெயர் மாடிப்படியை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "என்ன சார், உங்களை இங்க உக்கார வச்சிட்டு உங்க பேரு தனியா வேலை பாக்குது! எனக்கும் இப்படி ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்."

படிக்கட்டை மேலிருந்து கீழே வரைவது என் தங்கையின் பழக்கம். கல்யாணத்துக்கு முன் இதே அலுவலகத்தில் வரைந்தவள். நம் வீட்டுப் பெண் இனிக் கூலிக்கு வரைய வேண்டாம் என்று நிறுத்தியவன் நான்.

திரையை அணைத்திருக்கலாம். மருத்துவர் என் முகத்தையே பார்த்தார். கணினியில் மாப்பிள்ளையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.

"மிச்சத்தை நீங்களே வரைங்க மாப்பிள்ளை. எல்லாரும் பாக்கட்டும்."

"மச்சான், நாளைக்கு..."

"இப்பவே."

வலது கையை மேலே எடுத்தார். அது நடுங்கியது. திரையில் அவர் பெயரோடு இரண்டாவது அம்புக்குறி வந்தது. அவர் போட்ட கோடு சுவரைத் தாண்டி எங்கோ ஓடியது. முதல் அம்புக்குறி ஒரு கணம் நின்றது. பிறகு வந்து, அந்தக் கோட்டை அழித்து நேராகப் போட்டது. மறுபடி வரைந்தார். மறுபடி கோணல். அவள் மறுபடி பொறுமையாக நேராக்கினாள். மேஸ்திரிகூடச் சிரிக்கவில்லை.

அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் காட்டியவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. "அந்தப் பேரைக் கோப்புலேர்ந்து எடுத்துடுப்பா" என்று வரைவாளர் ஒருவரிடம் சொன்னேன். இரண்டு அம்புக்குறிகளும் ஒன்றாக மறைந்தன.

மாப்பிள்ளை அத்தனை பேர் முன்னால் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அவர் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.