ஆர்லன் கூப்கா கையெழுத்துப் போடாத வசந்தம்

ஆர்லன் கூப்கா எந்த அணிக்கும் கையெழுத்துப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வருடம், எங்கள் ஊர் வெண்டலினுக்கு வசந்தம் ஜூன் மாதம் பதினொன்றாம் தேதி பிற்பகலில்தான் வந்தது. அதுவரை பனி கிடந்தது. அயோவா மாநிலத்தின் மற்ற ஊர்களில் எல்லாம் வழக்கம்போல மார்ச் கடைசியில் உருகிவிட்டது. எங்கள் எல்லையான ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மே மாதத்தில் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல் வெட்டினார்கள். இந்தப் பக்கம் நாங்கள் காதை மூடிக்கொண்டு வாசலில் பனி அள்ளினோம். ராபின் குருவிகள் பாலத்துக் கம்பி வரைக்கும் வந்து, வரிசையாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு நாள் வந்து படம் எடுத்தார்கள். படத்தில் வெறும் பனிதான் தெரிந்தது. அயோவாவில் பனி ஒரு செய்தியா என்று மேலிடத்தில் கேட்டார்களாம். ஒளிபரப்பவில்லை.

ஊருக்கு இது புதிதில்லை. ஆர்லன் இருபது வருடம் பேஸ்பாலின் பெரிய லீக்கில் பந்து எறிந்த இடது கைக்காரர். ஏரிக்கரை நகரத்து அணியின் நட்சத்திரம். வருடா வருடம் பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சிக்குத் தெற்கே போவார். அவர் கார் ஊரைத் தாண்டிய சில வாரங்களில் ஓடையில் பனிக்கட்டி உடையும். ஒரு வருடம் சம்பளத் தகராறில் அவர் கையெழுத்தைத் தள்ளிப் போட்டபோது வசந்தமும் அதே அளவு தள்ளிப் போனது. சோளக்காரரான க்ளீட்டஸ் யான்சென் அவர் வீட்டுக்கே போய், “உன் சண்டையை எல்லாம் அறுவடை முடிஞ்சப்புறம் வச்சுக்க. நான் விதைக்க வேணாமா?” என்று சத்தம் போட்டார். ஆர்லன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அன்றைக்கே போட்டார். அதற்குப் பிறகு குளிர்காலத்தில் மாட்டுத் தீவனம் வாங்கப் போகிறவர்கள், “கூப்கா போட்டாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

அவருக்கு நாற்பத்தொன்று ஆன இலையுதிர் காலத்தில் ஏரிக்கரை அணி அவரை விடுவித்தது. முன்னூறு ஆட்டம் ஜெயித்தவர்கள் அந்த விளையாட்டிலேயே கொஞ்சம் பேர்தான். ஆர்லன் முன்னூறுக்கு மூன்று குறைவாக வீட்டுக்கு வந்தார். அதே மாதம் அவர் மனைவி மார்வாவின் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். நகரத்து டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “வசந்தம் வரைக்கும் தாங்குவாங்க” என்றார். திரும்பி வரும்போது காரில் மார்வா, “வசந்தம்னா எதைச் சொல்றாரு? மார்ச்சா, மேயா? எனக்குத் தெரிஞ்சாத்தானே புது கோட்டு வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்” என்றாள். ஆர்லன் சிரிக்கவில்லை.

ஜனவரியில் சிகாகோவிலிருந்து அவருடைய ஏஜென்ட் சிட் பெரெல்மன் போன் செய்தார். மூன்று அணிகள் கேட்கின்றன. பழைய ஏரிக்கரை அணியே மனம் மாறி, ஒரு வருடத்துக்கு, மரியாதைக்காக. தெற்கே ஒரு புது அணி, கூரை போட்ட மைதானம், பட்டியலில் கடைசி இடம். மேற்குக் கடற்கரையில் ஜெயிக்கிற அணி ஒன்று, ஆனால் பாதி ஆட்டத்தில்தான் இறக்குவார்கள். “நாப்பத்தொரு வயசுக் கையை மூணு பேரு கேக்குறாங்க, ஆர்லன். கடை மூடுற நேரத்துல வந்த கூட்டம். கதவைச் சாத்தாத. மூணே மூணு ஜெயிச்சா முன்னூறு!” ஆர்லன், “யோசிக்கிறேன்” என்றார். பிப்ரவரியில் சிட் மறுபடி கூப்பிட்டார், மார்ச்சில் மறுபடி. “யோசிக்கிறேன்.” “யோசி, யோசி. உனக்கென்ன, இருபது வயசுதானே ஆகுது” என்று சிட் போனை வைத்தார். ஏப்ரலில் தெற்கத்தி அணி வேறு ஆளை எடுத்துக்கொண்டது, மே மாதம் கடற்கரை அணியும். ஏரிக்கரை அணி மட்டும், மரியாதைக்காக, காத்திருந்தது.

ஏப்ரல் பாதியில் ஊருக்குப் புரிந்துவிட்டது. வில்மாவின் காப்பிக் கடையில் காலை நேரம். க்ளீட்டஸ் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டே, “அந்தாளு கையெழுத்துப் போட மாட்டேங்கிறது ஏன்னு இப்பத்தான் எனக்கு விளங்குது. டாக்டர் வசந்தம்னுதானே சொன்னாரு? வசந்தமே வரலைன்னா மார்வா…” என்று ஆரம்பித்தார். வில்மா கையிலிருந்த கரண்டியால் மேஜையில் ஓங்கி அடித்தாள். “வாயை மூடிட்டு முட்டையைத் தின்னு, க்ளீட்டஸ். அதை வெளியில சொல்லுவியா? நீயெல்லாம் ஆடினவன்தானா?” க்ளீட்டஸின் முகம் வெளிறிவிட்டது. அவர் ஆடினவர்தான், ஊர் அணியில் ஆடுபவரும் அதன் மேலாளரும் அவரே.

பேஸ்பாலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பந்து எறிபவர் எதிராளி ஒருத்தரையும் அடிக்க விடாமல் ஆட்டத்தைக் கொண்டு போகிறார் என்று தெரிந்துவிட்டால், அவர் அணியில் அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. இடைவேளையில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் மற்றவர்கள் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிடுவார்கள். தண்ணீர்கூட நீட்ட மாட்டார்கள். பேசினால் கலைந்துவிடும். ஆர்லன் அப்படி இரண்டு ஆட்டம் ஆடியவர். இப்போது ஊருக்கு அந்தக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவர் கடைக்குள் வந்தால் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு மறு கோடிக்குப் போனார்கள். வில்மா காப்பியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தபால்காரர் தபாலை வேலியில் செருகினார். பாதிரியார் அவரை எதிரே கண்டால் தெருவின் மறுபக்கம் போனார். ஆர்லனுக்கு முதல் நாளே புரிந்தது. ஊரே தனக்குப் பின்னால் நின்று காவல் காக்கிறது என்று தெரிந்தது. அந்த மௌனம் அவருக்கு இதமாக இருந்தது.

அந்தக் கட்டுப்பாடு வீட்டுக்குள் படுத்திருக்கிறவளையும் சேர்த்து அடைத்துவிட்டது என்பதை ஊரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவரும் நினைத்துப் பார்க்கவில்லை. குளிர்காலம் முழுக்க வெண்டலின் பெண்கள் முறை வைத்து நூடுல்ஸும் டியூனா மீனும் கலந்து வேக வைத்துச் சூடாகக் கொண்டு வந்து, மார்வாவின் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். ஏப்ரல் பாதியோடு அது நின்றது. கதவைத் தட்டினால் பேச வேண்டி வரும் என்று பயந்தார்கள். “என்ன, ஒருத்தியையும் காணோம்?” என்று மார்வா கேட்டாள். ஆர்லன், “பனி அதிகம்” என்றார். “பனி ஜனவரியிலயும்தான் இருந்தது.” அடுத்த வாரம், “நான் நாறுறேனா, ஆர்லன்? உண்மையைச் சொல்லு” என்றாள். இன்னொரு நாள், “அந்த மீன் நூடுல்ஸைப் பார்த்தாலே எனக்கு வயித்தைப் பெரட்டும். இப்ப அதுக்கு ஏங்குறேன்னா பாத்துக்க” என்றாள்.

குளிர்காலம் நின்ற இடத்திலேயே அவள் நோயும் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அது நின்ற இடம் நல்ல இடமல்ல. வலி தன் உச்சத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் காலம் நின்றிருந்தது. மாத்திரைகள் தின்று, ஜன்னலில் ஒரே வெள்ளையைப் பார்த்துக்கொண்டு, சுவரோடு பேசிக்கொண்டு மார்வா மே மாதத்தைக் கடந்தாள். ஆர்லன் அவள் கையைப் பிடித்தபடி பக்கத்து நாற்காலியிலேயே தூங்கினார். இதைவிட நல்ல வருடம் தனக்கு வாய்த்ததில்லை என்று அவர் நினைத்தார். நினைத்ததைச் சொல்லவும் செய்தார். மார்வா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் பத்தாம் தேதி அவர் விறகு எடுக்கப் போன நேரத்தில் அவள் போனை இழுத்துக் காப்பிக் கடைக்குப் போட்டாள். “வில்மா? நான் மார்வா.” வில்மா போனை வைத்துவிட்டாள். வைத்துவிட்டுப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்று அழுதாள். மறுபடி மணி அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

“வச்சிடாத வில்மா. ரெண்டு நிமிஷம். நான் உனக்கு என்னடி பண்ணினேன்?”

“அய்யோ மார்வா, நீ ஒண்ணும் பண்ணல. பேசக் கூடாதும்மா. அவரு… அவரு புடிச்சு வச்சிருக்காரு. பேசினா போயிடும்.”

“எது போயிடும்?”

வில்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. விதைக்காத சோளம், க்ளீட்டஸின் தொழுவத்தில் குளிரில் செத்த கன்றுகள், பாலத்தில் உட்கார்ந்த குருவிகள் எல்லாவற்றையும் கொட்டினாள். “எங்களுக்கு ஒண்ணும் குறை இல்ல, மார்வா. அடுத்த வருஷம் விதைச்சுக்குவோம். நீ இரு” என்றாள். மார்வா வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்தக் கட்டுப்பாடெல்லாம் பந்து எறியிறவனுக்குடி, வில்மா. நான் எறியலையே. நான் வெறுமனே படுத்துத்தானே கிடக்கேன். என்கிட்ட வந்து பேசியிருக்கலாமே” என்றாள்.

ஆர்லன் விறகோடு உள்ளே வந்தபோது அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “கடைசி ஆளை அவுட்டாக்க மாட்டேன்னு பந்தைக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறியா நீ?” என்றாள். அவர் விறகை இறக்கி வைக்காமல் நின்றார். “ஆட்டம் முடியலைன்னா தோக்கலைன்னு நினைச்சுட்ட. ஆனா மைதானத்துல வெயில்ல நிக்கிறது நான், ஆர்லன். எனக்கு வலிக்குது. அதைவிட மோசம், எனக்கு அலுத்துப் போச்சு. நீ நல்ல மனுஷன், ஆனா பேச்சுத் துணைக்கு நீ சுத்தமா லாயக்கில்ல. எனக்கு வம்பு கேக்கணும். ஜன்னலைத் திறந்து வைக்கணும்.”

“போட்டா நீ…”

“தெரியும். போடு.”

அவர் அழுதார். அழுது முடிந்ததும், எந்த அணிக்குப் போடட்டும் என்று கேட்டார். ஏரிக்கரை அணி இன்னும் காத்திருக்கிறது, மூன்று ஆட்டம்தான், என்றார். “அங்க போயி முன்னூறை எடுத்து எங்க மாட்டப் போற? நான் இங்க படுத்திருக்கேன். இந்த ஊர்லயும் ஒரு அணி இருக்கு, ஞாயித்துக்கிழமை ஆடுறாங்க. கடைசியில ஜன்னல் வழியா எனக்குக் கூட்டத்தோட சத்தமாவது கேக்கட்டும்” என்றாள் மார்வா.

மறுநாள் மதியம் ஆர்லன் பனிக்குள் நடந்து க்ளீட்டஸின் பண்ணைக்குப் போனார். தொழுவ வாசலில் க்ளீட்டஸ் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். “நில்லு க்ளீட்டஸ். உன் அணிக்குக் கையெழுத்துப் போட வந்திருக்கேன்.” விதைப்பு முழுக்க இழந்திருந்த க்ளீட்டஸ் மண்வாரியை இறுகப் பிடித்துக்கொண்டார். “எங்களுக்கு ஆள் வேணாம். எறியிறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு” என்றார்.

“யாரு, நோல்டேவா? அவனுக்குத்தான் இடுப்பு போயிடுச்சே.”

“சரியாயிடும். அவசரம் ஒண்ணும் இல்ல.”

“க்ளீட்டஸ், வருஷம் முழுக்க வீணாப் போகுது.”

“போகட்டுமே. எனக்கென்ன வேற வேலையா இருக்கு?” என்றார் க்ளீட்டஸ். “போ ஆர்லன். வீட்டுக்குப் போ. உன்னை எடுக்க மாட்டேன். நீ கிழவன், கை ஓஞ்சு போச்சு, உன் பந்தை என் மாமியார்கூட அடிச்சிடுவா.”

“மார்வாதான் அனுப்பினா” என்றார் ஆர்லன்.

க்ளீட்டஸ் மண்வாரியைச் சுவரில் சாய்த்தார். ஊர் அணிக்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்ததே இல்லை. தீவன மூட்டையின் காகிதத்தைக் கிழித்து லாரியின் மூக்கின் மேல் விரித்தார்கள். ஆர்லன் இடது கையால் பெயரை எழுதினார். எழுதி முடிப்பதற்குள் தொழுவக் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கிவிட்டது.

மாலைக்குள் தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. பாலத்துப் பக்கமிருந்து குருவிகள் ஒரே கூட்டமாக வந்தன. அவற்றுக்குப் பின்னால், சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, பெண்கள் பாத்திரங்களோடு வந்தார்கள். இடம் போதாமல் பியானோ மேல் அடுக்கினார்கள். எல்லாமே மீன் நூடுல்ஸ். மார்வா ஒரு வாய் தின்றுவிட்டு, “இன்னமும் கேவலமாத்தான் இருக்கு” என்றாள். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நிற்கவில்லை. லைலாக் புதர் ஒரே வாரத்தில் மொட்டு விட்டுப் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆர்லன் தானியக் கிடங்குக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் எறிந்தார். பக்கத்து ஊர்ப் பையன்கள் அவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார்கள், கூட்டம் கத்தியது, திறந்த ஜன்னல் வழியாக மார்வா கேட்டாள். செவ்வாய்க்கிழமை முற்பகலில், நோல்டே வீட்டு நாய் பாதிரியாரைக் கடித்த கதையை வில்மா சொல்லிக்கொண்டிருந்தபோது மார்வா கண்ணை மூடினாள். “எங்க கடிச்சுதுன்னு சொல்லு” என்றாள். வில்மா சொன்னாள். கதை முடிந்தபோது கேட்க அவள் இல்லை. அறையிலிருந்த யாரும் கொஞ்ச நேரம் அதைக் கவனிக்கவில்லை.

ஏரிக்கரை அணி அவரை மறந்தது. முன்னூறுக்கு மூன்று குறைவு என்பது அப்படியே நின்றுவிட்டது. அடுத்த மார்ச்சில் பனி உருகாதபோது க்ளீட்டஸ் காகிதத்தோடு போனார். ஆர்லன், “இன்னும் கொஞ்ச நாள் குடு” என்றார். கையெழுத்துப் போடாத நாட்களில் பக்கத்து அறையில் மார்வா இருமுவது கேட்கிறது என்றார். க்ளீட்டஸ், “சரி, ஓட்ஸ் விதைக்கிறதுக்குள்ள பாத்துக்க” என்று திரும்பி வந்தார். அதிலிருந்து வருடா வருடம் அப்படித்தான். க்ளீட்டஸ் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மகள் ரோண்டா காகிதம் கொண்டு போகிறாள். ஆர்லனுக்கு எண்பது நெருங்குகிறது, இடது தோள் உயராது, எறிந்து பல வருடம் ஆகிறது. அணியின் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். ரோண்டா வாசலில் காப்பி குடித்தபடி காத்திருப்பாள். அவர் உள்ளே போய், அந்த அறைக் கதவருகே நின்று, ஏதோ சொல்லிவிட்டு வந்து போடுவார். பிறகு ஏணி எடுத்து, பனிக்காக மாட்டிய வெளி ஜன்னல் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். ரோண்டா கீழே நின்று வாங்கிக்கொள்வாள்.

இந்த வருடம் ஏப்ரல் ஆறாம் தேதி போட்டார். பத்தாம் தேதி ஓட்ஸ் விதைத்தார்கள். முளைப்பு பரவாயில்லை.