படத்துக்கு முந்தின நாள்

அவள் தம்பியின் இடது கையில் இரண்டு விரல்கள் போன மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவன் ஜோக் அடித்தான்.

"இனிமே பத்து வரைக்கும் எண்ணணும்னா மாமாகிட்டதான் ரெண்டு விரல் இரவல் கேக்கணும்."

"ரெண்டு என்ன மச்சான், பத்தையும் எடுத்துக்கோ," என்றான் அவள் கணவன், ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்தபடி. மூன்று நாளாக மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாய் நடந்தவன் அவன்தான். நர்ஸ்கூட அவனைத்தான் கூடப்பிறந்த அண்ணன் என்று நினைத்திருந்தாள். அதைக் கேட்டு அவளுக்கு மனசு நிறைந்து போயிருந்தது.

கணவன் தண்ணீர் பிடித்து வரப் போனதும் தம்பியின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. போர்டுல மூணு மீட்டர்னு உன் நம்பர்தான் இருந்துச்சு. ரெண்டுக்கு மேல இருந்தா ஒருத்தர் போதும்னு என்னைத் தனியா இறக்கிட்டாங்க. கீழ போனா ஒரே சேறு. கத்தி எங்க, கயிறு எங்க, என் கை எங்கன்னே தெரியல."

துறைமுகத்தில் முக்குளிக்கும் வேலை அவனுக்கு. ஒரு கப்பலின் அடியில், அதை ஓட்டும் விசிறிச் சுழலியில் சிக்கிய கயிற்றை அறுக்க இறங்கியபோதுதான் விரல்கள் மாட்டிக்கொண்டன.

"மழை கிழை பெஞ்சு கலங்கியிருக்குமோ?"

"மழையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உன் நம்பரும் கீழ இருக்கற தண்ணியும் ஒத்துப்போகலன்னு எங்க ஆளுங்க ரொம்ப நாளா சொல்றதுதான். 'சேட்டிலைட் அக்காவை ஒரு தரம் கீழ கூட்டிட்டு வாடா'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நான்தான் சொல்லல."

துறைமுக அலுவலகத்தில் தண்ணீரின் தெளிவைக் கணிப்பவள் அவள். கப்பல் வரும் வழியை ஆழப்படுத்தத் தூர்வாரும் கப்பல் ஒன்று மூன்று வருடமாக அங்கே வேலை செய்தது. கலங்கல் அளவு மீறினால் வாருவதை நிறுத்தவேண்டும் என்பது ஒப்பந்தம். மீறுகிறதா என்று பார்க்க, மாதம் இரண்டு முறை செயற்கைக்கோள் படம் வாங்குவார்கள். தண்ணீரிலிருந்து திரும்பும் ஒளியின் நிறத்தை வைத்து, எத்தனை மீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும் என்று அவள் சொல்லுவாள். அந்த எண் அடுத்த படம் வரும்வரை முக்குளிப்பவர்களின் பலகையில் நிற்கும்.

எந்த நாளில் படம் என்பது ரகசியம். மேகமில்லாத நாளாகப் பார்த்து, மூன்று நாள் முன்னதாக அவளே குறிப்பாள். அதிகாரிக்குக்கூடப் படம் வந்த பிறகுதான் தெரியும். தூர்வாரும் கப்பலில் மேற்பார்வையாளன் அவள் கணவன். அதனால் படம் எடுக்கும் நாளை வீட்டில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சொன்னதும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய வேறொரு செயற்கைக்கோளின் படங்கள் இருந்தன. கொஞ்சம் மங்கல். ஒப்பந்தத்துக்குச் செல்லாது. அதனாலேயே அவற்றை அவள் சீண்டியதில்லை. இப்போது திறந்தாள். தூர்வாரும் கப்பலிலிருந்து பழுப்பு நாக்கு ஒன்று கப்பல்கள் வந்து நிற்கும் இடம்வரை நீண்டு கிடந்தது. முந்தின வாரமும் கிடந்தது. மூன்று வருடமும் கிடந்தது. அவள் படம் வாங்கிய நாட்களை ஒட்டி மட்டும் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஒரு நாள் முன்னதாக வாருவதை நிறுத்தினால் வண்டல் அடங்கிவிடும். நிறுத்த நாள் தெரிய வேண்டுமே!

முதலில் பக்கத்து இருக்கைக் குமாஸ்தாவைச் சந்தேகித்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். மத்தியானம், ஆபரேஷன் படிவத்தில் ஒட்டத் தம்பியின் போட்டோ ஒன்றைத் தேடிக் கைபேசியைப் புரட்டியபோதுதான் கை நின்றது. பதின்மூன்றாம் தேதி, கடற்கரையில் அவளும் கணவனும். பதினான்காம் தேதி செயற்கைக்கோள் படம். அதற்கு முன், இருபத்தெட்டு, சினிமாக் கொட்டகை வாசல். இருபத்தொன்பது செயற்கைக்கோள் படம். பின்னால் போகப்போக, ஒவ்வொரு படத்துக்கும் முந்தின நாள் ஒரு போட்டோ இருந்தது.

"வியாழன் எனக்கு வேலை ஜாஸ்தி. எதுவும் வச்சுக்காதீங்க." இவ்வளவுதான் அவள் சொல்லியிருக்கிறாள். "அப்ப புதன் சாயங்காலம் நமக்கு" என்பான் அவன். எப்போதும் வாரும் வேலை முடிந்து எட்டு மணிக்கு வருபவன் அன்று நாலு மணிக்கே வந்து நிற்பான். அந்தச் சாயங்காலங்களைச் சொல்லித்தான் சிநேகிதிகளிடம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அடுத்த படத்தைச் செவ்வாய்க்குக் குறித்தாள். துணி மடிக்கும்போது, "வெள்ளிக்கிழமை எனக்கு வேலை ஜாஸ்தி" என்றாள். கல்யாணமான ஐந்து வருடத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

"அப்ப வியாழன் சாயங்காலம் நமக்கு," என்றான் சட்டையை உதறிக்கொண்டே.

செவ்வாய்ப் படத்தில் தெளிவு அரை மீட்டர். அறிக்கையை எழுதினாள், நாள் யார் மூலம் வெளியே போனது என்ற ஒரு வரி தவிர. வியாழனன்று அவன் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்துவிட்டால் போதும். குமாஸ்தாவோ வேறு யாரோ, எவனாக இருந்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டாள்.

வியாழன் நாலேகாலுக்குக் கதவு திறந்தது.

"தங்கம், இன்னும் கிளம்பலையா?"

அவள் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். "இது செவ்வாய்க்கிழமைப் படம்."

"வெள்ளின்னுதானே சொன்ன?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் உன்னை ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? நீயாதான் சொன்ன."

"என் தம்பி கை போயிடுச்சுங்க."

"அவன் அன்னிக்கு இறங்குவான்னு நான் கனவா கண்டேன்? வேலையை நிறுத்தினா எத்தனை பேர் வயித்துல அடிக்கிறது? கொஞ்சம் யோசி."

"அந்தச் சாயங்காலமெல்லாம்?"

"அது நெஜம்டி. சத்தியமா. லீவு கிடைச்சா வேற எங்கயாவது போனேனா? உங்கிட்டதானே ஓடி வந்தேன்?"

அவன் கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை. நடித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"இதை அனுப்பினா நாள் எப்படி வெளிய போச்சுன்னு கேப்பாங்க. உன் பேர்தான் நாறும். வேலையும் போகும்," என்றான் தணிந்த குரலில். "தம்பிக்கு விரல் முளைச்சிடுமா, சொல்லு."

அவள் விட்டுவைத்திருந்த வரியை நிரப்பினாள். 'என் வாய்மூலம், என் கணவருக்கு.' அவன் பார்க்கப் பார்க்க அனுப்பினாள்.

அவன் கத்தவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்த் தன் கம்பெனி மேலதிகாரியின் எண்ணை அழுத்தினான். தம்பியின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் செருப்பு மாட்டும்போது குரல் தெளிவாகக் கேட்டது.

"சார், அனுப்பிட்டா... இல்ல சார், நீங்க பதறாதீங்க. எம்மேல உசுரையே வச்சிருக்கா. காலைக்குள்ள பேசி, கணக்கு தப்பாயிடுச்சுன்னு அவ கையாலேயே எழுத வச்சிடறேன்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். மேலிருந்து அவன் எட்டிப் பார்த்தான்.

"தங்கம்! வெயில்ல ஏன் நடக்கற? இரு, வண்டில கொண்டு விடறேன்!"

கீழ்வீட்டுக்காரம்மா கொடியில் துணியைப் போட்டபடி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "குடுத்து வச்சவம்மா நீ."

அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.